மீண்டும் உருளும் பந்து

ராணுவம் அறிமுகம் செய்தது, தொழிற்சாலை சோறு போட்டது, கம்பெனி வந்து கைதூக்கி விட்டது. பெங்களூர் கால்பந்து எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்திருக்கிறது. ஆட்டக்காரர்களைப் பெற்றெடுத்த சந்துகளுக்கு இதில் என்ன பங்கு?

அத்திபெலே என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பெரும்பாலும் நல்ல செய்தி அல்ல. காவிரிப் பிரச்சினை தலைதூக்கும்போதெல்லாம் பஸ்கள் நின்றுபோகும் எல்லை அது. 2023 அக்டோபரில் பட்டாசுக் கடை தீப்பிடித்து, பிழைப்புக்காக வந்த தமிழ் இளைஞர்கள் பலர் கருகிச் செத்த ஊரும் அதுதான். ஓசூரைத் தாண்டியதும் வரும் இந்தச் சிற்றூரைப் பயணிகள் டோல்கேட்டாக மட்டுமே அறிவார்கள்.

ஆனால் அந்த டோல்கேட்டில் தொடங்கும் கர்நாடகச் சாலைக்கு வேறொரு கதையும் உண்டு. சந்தாபுரம், பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஆடுகோடி என்று சுமார் 30 கி.மீ. போனால் சாலை ரிச்மண்ட் டவுன் பக்கம் முடிகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அசோக் நகர். அங்கே இருக்கிறது பெங்களூர் கால்பந்து ஸ்டேடியம். அதைச் சுற்றியுள்ள ஆஸ்டின் டவுன், அல்சூர், கௌதம்புரம், மர்ஃபி டவுன் பகுதிகளில் தமிழும் தக்காண உருதுவும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் சந்துகளில்தான் இந்தியக் கால்பந்தின் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது.

2023 மார்ச் 4-ம் தேதி, சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், அந்த அத்தியாயத்துக்குப் புதிய பக்கம் ஒன்று சேர்ந்தது. சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்றது. மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியான இதை கர்நாடகம் கடைசியாக வென்றபோது அந்த மாநிலத்துக்கு கர்நாடகம் என்ற பெயரே கிடையாது. மைசூர் மாநிலமாக இருந்தது. 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. ரியாத்தில் கோப்பையைத் தூக்கியவர்களில் எவருமே அப்போது பிறந்திருக்கவில்லை.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் என்ன நடந்தது?

தண்டில் பிறந்த ஆட்டம்

1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பழைய தமிழர்கள் அதை இன்றும் ‘தண்டு’ என்றே சொல்கிறார்கள். மைசூர் மகாராஜாவின் பழைய நகரம் ஒரு பக்கம், வெள்ளைக்காரனின் தண்டு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949-ல்தான். தண்டுக்குத் தேவையான சிப்பாய்கள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என்று பெருங்கூட்டம் சென்னை மாகாணத்திலிருந்து வந்து இறங்கியது. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அல்சூர் ஏரிக்கரையில் நிலைகொண்டது. கௌதம்புரத்துக்குப் பழைய பெயர் ‘கன் ட்ரூப்ஸ்’. பீரங்கிப் படையின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சிப்பாய்கள் மாலையில் பந்து உதைத்தார்கள். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த பையன்கள், சிப்பாய்கள் போனதும் தாங்களும் உதைத்தார்கள். காலில் பூட்ஸ் கிடையாது. கிரிக்கெட்டுக்கு மட்டையும் ஸ்டம்பும் வேண்டும், டென்னிஸுக்கு மதில் சூழ்ந்த கிளப் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து போதும். ஏழைகளின் ஆட்டமாக அது வேர்விட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. தெருவுக்கு ஒரு கிளப் முளைத்தது. ஆதரவாளர் ஒரு வியாபாரியாகவோ கான்ட்ராக்டராகவோ இருப்பார். அவருடைய பங்கு, பனியனும் ஆட்டம் முடிந்ததும் கொடுக்கும் டீயும்தான்.

அப்படிப்பட்ட சின்ன கிளப் ஒன்றுதான் 1937-ல் பம்பாய்க்கு ரயிலேறியது. பெயர் பெங்களூர் முஸ்லிம்ஸ். போன இடம் ரோவர்ஸ் கோப்பை. 1891-ல் தொடங்கிய அந்தப் போட்டியை அதுவரை பிரிட்டிஷ் ராணுவ அணிகளே வென்றுவந்தன. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934-லிருந்து ஆண்டு தவறாமல் கல்கத்தா லீக்கை வென்றுகொண்டிருந்த, நாடே கொண்டாடிய அணி. பெங்களூர் முஸ்லிம்ஸ் 1-0 என்று ஜெயித்தது. ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி என்ற பெருமை கல்கத்தாவின் எந்தப் பெரிய கிளப்புக்கும் கிடைக்கவில்லை. பெங்களூர் தண்டுக்குக் கிடைத்தது.

அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு மறு ஆண்டே பதில் வந்தது. 1938 இறுதி ஆட்டத்தில் எதிரி ஆர்கைல் அண்டு சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு. பெங்களூர் 3-2 என்று வென்றது. எந்த ராணுவத்தை வேடிக்கை பார்த்து ஆட்டம் கற்றார்களோ அந்த ராணுவத்தையே தோற்கடித்துவிட்டார்கள். 1948-ல் மோகன் பகானை 1-0 என்று வீழ்த்தி மூன்றாவது முறையும் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

கல்கத்தாவின் கண் பட்டது

இதே காலத்தில் மைசூர் அணியும் உச்சத்தில் இருந்தது. 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என்று நான்கு முறை சந்தோஷ் டிராபியை வென்றது. நான்கு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது வங்காளம். கால்பந்து தங்கள் வீட்டுச் சொத்து என்று நம்பிய மாநிலத்தை நான்கு தடவை மண்ணைக் கவ்வ வைத்தது சாதாரண விஷயமல்ல.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியில் வரதராஜ், வஜ்ரவேலு, சண்முகம், தன்ராஜ், ராமன், அகமது கான் என்று தென்னிந்தியப் பெயர்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அந்த அணி பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. இரண்டு பெனால்டிகளை வீணடித்த தோல்வி. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் ஒரு தமிழ்ப் பெயரில் பதிவானது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கிய நாளிலும் இந்தியாவுக்காக அந்த ஒற்றை கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர்தான். அவர் அகமது கான்.

பந்தைக் காலில் ஒட்டவைத்து எதிரிகளை மயக்கியதால் ‘பாம்பாட்டி’ என்று பெயர் வாங்கிய அகமது கான், பெங்களூர் முஸ்லிம்ஸில் ஆடியவர். 1949-ல் அவர் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். தெற்கிலிருந்து ஆட்களைத் தேடிப்பிடித்து வந்தவர் அந்தக் கிளப்பின் செயலாளர் ஜே.சி. குஹா. அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகிய ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கல்கத்தா தலையில் வைத்துக் கொண்டாடியது. 1949, 1950, 1951 மூன்று ஆண்டுகளும் ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை.

பெங்களூருக்கு இது பெருமை. இழப்பும்கூட. டிக்கெட் வசூலும் மைதானம் நிறையும் கூட்டமும் இருந்த கல்கத்தாவுடன், டீ செலவுக்கே தடுமாறும் தெருக் கிளப்புகள் போட்டியிட முடியாது. விளைந்ததை எல்லாம் கல்கத்தா அறுவடை செய்தது. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூரிலிருந்து போய் மோகன் பகானுக்கு ஆடியவர். 1990-களில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய கார்ல்டன் சாப்மனும் பெங்களூரில் பிறந்து ஈஸ்ட் பெங்காலிலும் பஞ்சாபின் ஜே.சி.டி. அணியிலும் புகழ் பெற்றவர். அவர் 2020 அக்டோபரில் தமது 49-வது வயதில் பெங்களூரிலேயே காலமானார். அகமது கானும் சொந்த ஊரிலேயே 2017-ல் கண் மூடினார். ஆடப் போன கால்கள் ஓய்வெடுக்கத் திரும்பி வந்தன.

சங்கு ஊதினால் சம்பளம்

ஆட்டக்காரர்கள் எல்லாருமே கல்கத்தாவுக்குப் போய்விடவில்லை. அதற்குக் காரணம் தொழிற்சாலைகள். 1940-ல் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழிற்சாலையாக வந்த ஐ.டி.ஐ., 1954-ல் பிறந்த பி.இ.எல். என்று பெங்களூர் அரசாங்கத் தொழிற்சாலைகளின் ஊரானது. விமானம் செய்யவும் டெலிபோன் செய்யவும் ஆள் எடுத்தவர்கள், பந்து உதைக்கவும் ஆள் எடுத்தார்கள்.

ஏற்பாடு எளிமையானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையில் கொஞ்ச நேரம் பிரிவில் வேலை, பிறகு மைதானம். போட்டி நாட்களில் சம்பளத்துடன் விடுப்பு. மாதம் பிறந்தால் சம்பளம், வயது ஏறினால் பதவி உயர்வு, 58-லோ 60-லோ ஓய்வூதியப் பலன்கள். கால் முறிந்தாலும் வேலை போகாது. முறிந்த காலுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. படிப்பு ஏறாத, சிபாரிசு இல்லாத ஒரு தலித் குடும்பத்துப் பையனுக்கு சர்க்கார் உத்தியோகத்துக்கு இருந்த நேர்வழி அவன் கால்களே. மகன் பந்து உதைத்தால் அடிக்க வந்த அப்பாக்கள், பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐ.டி.ஐ.யில் வேலை கிடைத்ததும் தாங்களே பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., போலீஸ், ராணுவத்தின் ஏ.எஸ்.சி., எம்.இ.ஜி. என்று பலமான அணிகள் மோதிய உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு ஸ்டேடியம் நிறைந்தது. வெளியூர் அணிகள் ஸ்டாஃபோர்டு கோப்பைக்கு வந்தன. வார நாள் மாலைகளில் தூரவாணி நகர் தொழிற்சாலையின் சங்கு ஊதியதும் நேராக ஆட்டம் பார்க்க வரும் தொழிலாளர்கள் ஒரு தலைமுறையாகவே இருந்தார்கள். தங்கள் பிரிவில் பக்கத்து மேஜையில் உட்காரும் ஆள் கோல் அடிப்பதைப் பார்ப்பதில் இருந்த சுகமே தனி.

சரிந்த கோட்டை

1991-க்குப் பிறகு காற்று மாறியது. டெலிபோன் கருவிகளுக்கு ஏகபோக உற்பத்தியாளராக இருந்த ஐ.டி.ஐ.க்கு, பன்னாட்டுக் கம்பெனிகள் போட்டியாக வந்தன. பின்னால் செல்போன் வந்தது. லாபம் நஷ்டமானது. நலிந்த நிறுவனங்களின் பட்டியலுக்குள் ஐ.டி.ஐ. போனது. ஆள் குறைக்கும் தொழிற்சாலை பந்தாட்டக்காரனுக்கு எப்படி வேலை கொடுக்கும்? புதிய ஆள் எடுப்பது நின்றது. இருந்தவர்களுக்கு வயதானது. 1990-களின் இறுதியில் தேசிய லீக்கில் ஆடிய ஐ.டி.ஐ. அணி மெதுவாகக் காட்சியிலிருந்து மறைந்தது. ஸ்டாஃபோர்டு கோப்பை 1993-க்குப் பிறகு நடக்கவில்லை. தமிழர்கள் நிறைந்த இன்னொரு கால்பந்து ஊரான கோலார் தங்கவயலில், 2001 பிப்ரவரியில் சுரங்கமே மூடப்பட்டது.

எச்.ஏ.எல். மட்டும் தாக்குப்பிடித்தது. 2010-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஐ-லீக்குக்கு உயர்ந்தது. மற்ற கிளப்புகள் நைஜீரியா, பிரேசில் என்று வெளிநாட்டு ஸ்டிரைக்கர்களை இறக்கியபோது, பொதுத்துறை அணியான எச்.ஏ.எல். முழுக்க இந்திய வீரர்களைக் கொண்டே ஆடியது. நகரத்தின் நம்பிக்கை சேவியர் விஜயகுமார் போன்ற உள்ளூர் ஸ்டிரைக்கர்களின் மீது இருந்தது. இரண்டு சீசன் தாங்கியது. 2011-12-ல் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது.

ஆட்டம் மட்டுமே பிரச்சினை அல்ல. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு புது விதிகளைக் கொண்டுவந்திருந்தது. தொழில்முறை லீக்கில் ஆடும் கிளப் தனிக் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், கணக்கு தனியாக இருக்க வேண்டும், இளைஞர் அணிகள் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையின் விளையாட்டுப் பிரிவுகளுக்கு இந்தச் சட்டை பொருந்தவில்லை. இந்தியா முழுவதும் இதே கதைதான். மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-லும், பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-லும் கடையைக் கட்டின. ஒலிம்பிக் வீரர்களைக் கொடுத்த பெங்களூருக்கு 2012-13 ஐ-லீக்கில் சொல்லிக்கொள்ள ஒரு அணி இல்லை.

உக்ரைன் சொல்லும் பாடம்

தொழிற்சாலையை நம்பி வளர்ந்து, ஒற்றைப் பணப்பையை நம்பி விழுந்த கிளப்புகள் உலகெங்கும் உண்டு. உக்ரைனில் கார்கிவ் நகரின் மெட்டலிஸ்ட் கிளப் இதற்கு அச்சு அசலான உதாரணம். 1925-ல் ரயில் எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி அது. 1988-ல் சோவியத் கோப்பையை வென்றது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு ஒரு கோடீஸ்வரர் கைக்குப் போய், 2012-13-ல் உக்ரைன் லீக்கில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதற்குள் கை மாறி இன்னொரு பணக்காரரிடம் போயிருந்தது. 2014-ல் அரசு கவிழ்ந்தபோது அந்தப் புது முதலாளி நாட்டை விட்டே ஓடினார். சம்பளம் நின்றது, வீரர்கள் கலைந்தார்கள். 2016-ல் கிளப் செத்தது.

அதே ஆண்டு, ரசிகர்களின் ஆதரவோடு ‘மெட்டலிஸ்ட் 1925’ என்ற புது அணி கீழ்மட்டத்திலிருந்து ஆட ஆரம்பித்தது. ஐந்தே ஆண்டுகளில், 2021-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. கிளப் பிறந்த ஆண்டைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதில் ஒரு பிடிவாதம் இருந்தது. முதலாளி போனாலும் ஊர் போகவில்லை என்பதே அதற்கு அர்த்தம். 2022-ல் வந்த யுத்தம் கார்கிவ் நகரத்தையே குண்டுகளால் துளைத்தபோதும், வேறு ஊர்களில் போய் ஆடி அந்த அணி உயிரோடு இருந்தது.

பெங்களூரில் மறுபிறப்பு வேறு வழியில் வந்தது. இங்கே முதலாளி ஓடவில்லை. புதிதாக வந்தார்.

நீலச் சட்டை

2013 ஜூலையில், எஃகு வியாபாரத்தில் இருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி. என்ற கிளப்பைத் தொடங்கியது. படிப்படியாக ஏறாமல் நேரடியாக ஐ-லீக்கில் இடம் கிடைத்தது. இங்கிலாந்துக்காரர் ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியாளர், சுனில் சேத்ரி கேப்டன். முதல் ஆட்டம் அசோக் நகர் ஸ்டேடியத்தில், மோகன் பகானுக்கு எதிராக. 1-1 டிரா. பழைய ரசிகர்களின் பேரன்கள் ‘வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்’ என்று மேற்கு ஸ்டாண்டில் நின்றுகொண்டே தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தார்கள்.

2014 ஏப்ரலில், பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத கிளப், ஐ-லீக் சாம்பியன் ஆனது. 2015-16-ல் மறுபடியும். 2016 அக்டோபரில் கண்டீரவா ஸ்டேடியத்தில் ஏ.எஃப்.சி. கோப்பையின் நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று உதைத்து வெளியேற்றி, அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. தோஹாவில் நடந்த இறுதியில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றது. 2018-19-ல் ஐ.எஸ்.எல். கோப்பை, 2022-ல் துராந்து கோப்பை. 1937-க்குப் பிறகு பெங்களூர் என்ற பெயரைக் கேட்டு மற்ற ஊர் அணிகள் முதன்முறையாக மிரண்டன.

ஆனால் நீலச் சட்டைக்குள் யார்? தொடக்க காலத்தில் சங்கர் சம்பங்கிராஜ், என்.எஸ். மஞ்சு போன்ற சில உள்ளூர்ப் பெயர்கள் இருந்தன. மற்றபடி இந்தியா முழுவதிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் தேர்ந்தெடுத்த அணி அது. தொழில்முறை கிளப்புக்கு அதுதான் தர்மம். ஊருக்கு அணி கிடைத்தது. ஊர்ப் பையனுக்கு அணியில் இடம் கிடைப்பது வேறு விஷயம்.

ரியாத்தில் தீர்ந்த தாகம்

அதனால்தான் 2023 சந்தோஷ் டிராபி வெற்றிக்கு வேறு மதிப்பு. அதில் ஆடியவர்கள் தொலைக்காட்சி நட்சத்திரங்கள் அல்ல. பெங்களூர் லீக்கின் கிளப்புகளில் சில நூறு பேர் முன்னால் ஆடிப் பழகியவர்கள். பயிற்சியாளர் ரவிபாபு ராஜு. அரையிறுதியில் சர்வீசஸ் அணியை 3-1 என்று வென்ற கர்நாடகம், இறுதியில் மேகாலயாவை எதிர்கொண்டது. சுனில் குமார், பேக்கி ஓராம், ராபின் யாதவ் ஆகியோர் கோல் அடித்தார்கள். பெயர்களைப் பார்த்தாலே புரியும். 1948-ல் தண்டுத் தமிழர்களும் தக்காண முஸ்லிம்களும் மைசூர் சட்டை போட்டதைப் போல, இன்று பெங்களூருக்குப் பிழைக்க வரும் இந்தியா முழுவதும் அந்தச் சட்டைக்குள் இருக்கிறது. ஊர் மாறியிருக்கிறது, வழக்கம் மாறவில்லை.

அதே 2023-ல் ஸ்டாஃபோர்டு கோப்பையும் 30 ஆண்டு தூக்கத்திலிருந்து எழுந்தது. உள்ளூர் லீக்கில் பழைய தொழிற்சாலைகளின் இடத்தை கிக்ஸ்டார்ட் எஃப்.சி., எஃப்.சி. பெங்களூரு யுனைடெட் போன்ற தனியார் கிளப்புகள் பிடித்தன. கிக்ஸ்டார்ட்டின் பெண்கள் அணி அந்த ஆண்டு இந்திய மகளிர் லீக்கின் இறுதி ஆட்டம் வரை போனது. இறுதியில் கோகுலம் கேரளாவிடம் பலமாகத் தோற்றாலும், பெங்களூர் கிளப் ஒன்றின் பெண்கள் அவ்வளவு தூரம் போனதே செய்தி.

எனவே மறுபிறப்பு பொய்யல்ல. அது எவ்வளவு உறுதியானது என்பதுதான் கேள்வி. 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகும் நிலையில், அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையறை இல்லாமல் நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இளைஞர் அணிகளும் பயிற்சிப் பள்ளிகளும் தொடரும் என்று சொன்னது ஒரு ஆறுதல். நாட்டின் முதன்மை லீக் பல மாதங்கள் தள்ளிப்போனது. ஐ.டி.ஐ. சரிய பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. புது யுகத்தில் ஒரே ஒரு ஒப்பந்தம் முடிந்தால் போதும் என்று அந்த ஆகஸ்ட் காட்டியது.

சிலை பார்க்கும் தெரு

கௌதம்புரத்தில் ஒரு காட்சி உண்டு. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளின் வரிசையில் நான்காவதாக ஒருவர் நிற்கிறார், காலில் பந்தோடு. பீலே. பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் மக்கள் வாழும் இந்தப் பகுதியை ‘மினி பிரேசில்’ என்றே ஊர் சொல்கிறது. உலகக் கோப்பை வந்தால் சந்து முழுக்க மஞ்சளும் பச்சையும். 2022 டிசம்பரில் பீலே இறந்தபோது இந்தச் சிலைக்கு மாலை விழுந்தது. பீலேயும் ஏழையாகப் பிறந்த கறுப்பர், காலால் பிழைத்தவர். அம்பேத்கருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தியவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தெரு அப்படியே இருக்கிறது. மாறியது தெருவிலிருந்து வெளியே போகும் வழி. முன்பு நன்றாக ஆடினால் தொழிற்சாலையில் வேலை. இன்று நன்றாக ஆட வேண்டுமென்றால் முதலில் காசு வேண்டும். நகரெங்கும் முளைத்திருக்கும் கால்பந்துப் பயிற்சிப் பள்ளிகளில் மாதக் கட்டணம். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் இரவு விளக்கு வெளிச்சத்தில் ஆடும் செயற்கைப் புல் மைதானங்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. காலி மைதானங்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஒரு பந்து போதும் என்று ஏழைகள் எடுத்துக்கொண்ட ஆட்டம், அவர்கள் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்கிறது. தொழிற்சாலை நாட்களை நினைத்து ஏங்கிப் பயனில்லை, அவை திரும்பப் போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஆட்டக்காரனின் 35 வயதுக்குப் பிறகு என்ன என்பதற்கு அதில் பதில் இருந்தது. இன்றைய ஒப்பந்தங்களில் அது இல்லை.

ராணுவம் போய்விட்டது. தொழிற்சாலைகள் ஓய்ந்துவிட்டன. கம்பெனி இருக்குமா, எத்தனை நாள் இருக்கும் என்பது கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தது. மூன்று யுகத்திலும் மாறாமல் ஆள் கொடுத்தவை சந்துகள் மட்டுமே. கார்கிவ் ரசிகர்கள் கண்டுகொண்டதும் இதைத்தான். கிளப்பை மறுபடி எழுப்பப் பணம் வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்க ஊர் வேண்டும். புதிய கிளப்புகள் வருடத்துக்குப் பத்துப் பையன்களையாவது கட்டணம் வாங்காமல் இந்தச் சந்துகளிலிருந்து எடுத்து, ஆட்டத்தோடு ஒரு தொழிலையும் கற்றுக் கொடுத்தால், அடுத்த 54 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்காது.

அத்திபெலே டோல்கேட்டில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பிழைக்க வரும் குடும்பங்கள் மூட்டையோடு இறங்கி ஏறுகின்றன. இரு நூற்றாண்டுகளாக நிற்காத வரவு இது. அந்த மூட்டைகளுக்கு நடுவே தூங்கி வழியும் ஏதோ ஒரு பையனின் காலில் அடுத்த கோல் இருக்கலாம். அவனுக்குத் தேவை ஒரு பந்தும், அதை உதைக்கக் காசு கேட்காத ஒரு மைதானமும்.